கண்பாவை விரிந்த நேரத்தைக் குறித்து வையுங்கள்

மாசி பிறந்ததும் தூத்துக்குடி மாவட்டத்து வேம்பாரைச் சுற்றிய பனங்காடுகளில் பதநீர் காய்ச்சும் விடிலிகள் புகையத் தொடங்கிவிடும். விடியுமுன்னே பனையேறிகள், ஏறத் துணையாகும் முருகுத்தடியோடு கிளம்புவார்கள். முப்பது நாற்பது பனைகளைக் காலையும் மாலையுமாக இரண்டு தடவை ஏறி இறங்குபவர்கள் உண்டு. அத்தனை ஏற்றத்தில் ஒரே ஒரு முறை கால் வழுக்கினால் போதும்.

விழுந்தவர் சில சமயம் தானாகவே எழுந்து உட்கார்ந்துவிடுவார். வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு "ஒண்ணுமில்ல" என்பார். சுக்குக்காப்பி குடிப்பார். தலை லேசாக வலிக்கிறது என்று கயிற்றுக்கட்டிலில் சாய்வார். வீட்டில் உள்ளவர்களுக்குப் போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருக்கும். "அசந்து தூங்குதாவ, எழுப்பாதிய" என்று பிள்ளைகளை அதட்டுவார்கள். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்துக் குறட்டைச் சத்தம் மாறும். அப்போது யாராவது அவருடைய இமையைத் தூக்கி டார்ச் அடித்தால், ஒரு கண்ணின் பாப்பா வெளிச்சம் பட்டதும் சுருங்கும். மற்றது அகல விரிந்தபடியே நிற்கும்.

நெற்றிப்பொட்டுப் பக்கம் மண்டையோடு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அடிபட்டு எலும்பு விரியும்போது அந்தக் குழாய் கிழிந்தால், மண்டையோட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் தேங்கும். மூளைக்கு விலகிப் போக இடமில்லை. அதன் ஓரம் கீழ்நோக்கிப் பிதுங்கி, கண்ணுக்குப் போகும் மூன்றாவது நரம்பை அழுத்துகிறது. கண்பாவையைச் சுருக்கும் இழைகள் அந்த நரம்பின் வெளிப்புறத்தில்தான் ஓடுகின்றன. ஆகவே நசுங்குவதில் அவை முந்திக்கொள்கின்றன. சுருக்கும் கட்டளை நின்றதும் பாவை விரிந்துவிடுகிறது. மண்டையோட்டில் துளையிட்டு அந்த ரத்தத்தை வெளியேற்றினால், உரிய நேரத்தில் செய்தால், மனிதர் எழுந்து நடப்பார். நேரம் தவறினால் எந்த மருத்துவராலும் முடியாது.

ஒரு மனிதரின் கண்பாவை ஏன் விரிகிறது என்ற கேள்வி அதனால்தான் மருத்துவப் புத்தகத்துக்குள் அடங்கிக் கிடக்க வேண்டியதல்ல. அது விடிலிக்கும், மீன்பிடி வள்ளத்துக்கும், பள்ளிக்கூடத்துக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆட்டோ ஓட்டுபவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம். கைவிளக்கு ஒன்று போதும். ஆனாலும் நம் ஊர்களில் முதலுதவி என்றால் கட்டுப் போடுவதோடு நிற்கிறது. அடிபட்டவரின் கண்ணைத் திறந்து பார்க்கும் வழக்கமே நமக்கு வரவில்லை.

தமிழுக்கு இந்த இடம் புதிதல்ல. கண்ணின் நடுவிலுள்ள கரிய வட்டத்தைப் பாவை என்றார்கள் பழந்தமிழர். எதிரே நிற்பவரின் உருவம் அதில் சிறு பொம்மையாகத் தெரிவதால் வந்த பெயர் அது. வீட்டுப் பேச்சில் இன்றும் அது கண்ணுப் பாப்பாதான். லத்தீன் மொழியிலும் இதற்குச் சிறு பொம்மை, சிறுமி என்ற பொருள் தரும் சொல்லே வழங்கியிருக்கிறது. வள்ளுவர் காமத்துப்பாலில், காதலியின் உருவத்துக்கு இடம்விட்டு விலகும்படி அந்தப் பாவையிடமே காதலனைப் பேசவைத்தார். உண்மையில் அங்கே பொருள் என்று எதுவும் இல்லை. பழுப்பு வளையத்தின் நடுவே இருக்கும் வெறும் துளை அது. ஒளி உள்ளே நுழையும் வாசல்.

அந்த வாசலுக்கு இரண்டு தசைகள். ஒன்று சுருக்குப்பையின் கயிறுபோல் வட்டமாக இருந்து இறுக்குகிறது. மற்றது குடைக்கம்பிகளைப்போல் விரிந்திருந்து இழுத்துத் திறக்கிறது. நல்ல வெயிலில் பாவையின் குறுக்களவு 2 மி.மீ. அளவுக்குக் குறுகும். இருட்டில் இளவயதினருக்கு 8 மி.மீ. வரையும் விரியும். வயது ஏற ஏற இந்த விரிவு குறைந்துகொண்டே போவதால்தான் அந்தி மங்கலில் பேரனுக்குத் தெரியும் வாசற்படி தாத்தாவுக்குத் தெரிவதில்லை. பயம், கோபம், ஆசை, கடுமையான மனக்கணக்கு என்று எது வந்தாலும் இழுக்கும் தசைக்கு வேலை வந்துவிடும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் எக்கார்ட் ஹெஸ் என்ற உளவியலாளர் 1960-இல் இதை அளந்து காட்டினார். பிடித்த படத்தைப் பார்க்கும்போது பாவை விரிந்தது. பின்னர், பெருக்கல் கணக்கைக் கொடுத்தபோதும் விரிந்தது. கணக்கு கடினமாக ஆக இன்னும் விரிந்து, விடை சொன்னதும் பழைய அளவுக்கு வந்தது. முத்து விற்ற கரைக்கு இது வியப்பான செய்தியாக இராது. மன்னார் வளைகுடா முத்துச் சந்தைகளில் வியாபாரிகள் துணிக்கு அடியில் கைகோத்து, விரல்களை அழுத்தியே விலை பேசினார்கள். வாய் திறந்தால் பக்கத்தில் நிற்பவர் விலையைப் பிடித்துவிடுவார். கையை மறைத்தார்கள், குரலை மறைத்தார்கள். கண்பாவையை மட்டும் யாராலும் மறைக்க முடியாது. அது நம் சொல்லுக்குக் கட்டுப்படாத உறுப்பு. மருத்துவர்கள் அதை நம்புவதற்குக் காரணமும் அதுவே.

வேம்பார் என்றால் முத்துக்குளியைத் தொடாமல் போக முடியாது. பரதவர்களின் ஏழு கடற்றுறைகளில் வடகோடியில் இருப்பது இந்த ஊர். நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி ஆகிய தீவுகள் வேம்பார் தீவுக்கூட்டம் என்றே மன்னார் வளைகுடாக் கடற்பூங்கா வரைபடத்தில் இடம்பெற்றிருக்கின்றன. கல்லைக் கட்டிக்கொண்டு ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கிய குளியாள்கள் கண்ணாடி எதுவும் அணியாமல்தான் முத்துப்பாரில் சிப்பி பொறுக்கினார்கள். தூத்துக்குடிக் கரையில் 1961-இல் நடந்ததே கடைசி முத்துக்குளிப்பு.

தண்ணீருக்குள் வெறுங்கண்ணால் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கும் பாவைக்கும் தொடர்பு உண்டு. கண்ணின் குவிக்கும் திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முன்புறத்துக் கண்ணாடிப் படலத்தில் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அந்தத் திறன் போய்விடும். எல்லாம் மங்கும். போதாதற்கு ஆழத்தில் வெளிச்சம் குறைவதால் பாவையும் விரிந்துகொள்ள, மங்கல் இன்னும் கூடும். சுவீடனைச் சேர்ந்த அன்னா கிஸ்லேன் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் ஒரு திருப்பத்தைக் காட்டியது. அந்தமான் கடலோரம் வாழும் மோக்கென் என்ற கடலோடி மக்களின் பிள்ளைகள், நீருக்குள் போனதும் பாவையை 2 மி.மீ.க்கும் கீழே சுருக்கிக்கொண்டார்கள். ஐரோப்பியப் பிள்ளைகளின் பாவை 2.5 மி.மீ. அளவில் நின்றது. மோக்கென் பிள்ளைகளால் இரண்டு மடங்குக்கும் மேலான நுணுக்கத்தோடு பார்க்க முடிந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் சுவீடன் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தபோது அவர்களும் நீருக்குள் தெளிவாகப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். பிறவி வரமாகத் தோன்றியதைப் பழக்கத்தால் அடைய முடிந்தது.

கடலை விட்டுக் கரையேறினால் அடுத்த கதை வயல் வரப்பில் நிற்கிறது. விளாத்திகுளம் வட்டாரக் கரிசலில் மிளகாயும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகின்றன. வரப்போரத்திலும் குப்பைமேட்டிலும் யாரும் நடாமலே ஊமத்தை முளைக்கிறது. சிவனுக்கு உகந்த அந்தப் பூவின் முள்காய்க்குள் இருக்கும் விதை, பார்வைக்கு மிளகாய் விதை போலவே இருக்கும். தடயவியல் படிக்கும் மருத்துவ மாணவர்களுக்கு இந்த இரண்டு விதைகளையும் வேறுபடுத்திக் காட்டுவது இந்தியாவில் நெடுநாள் பாடம். காரணம் இல்லாமல் அந்தப் பாடம் வரவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் வழிப்போக்கர்களோடு நட்பாகப் பேசி, ஊமத்தை கலந்த பண்டத்தைக் கொடுத்து, அவர்கள் பிதற்றிக்கொண்டு கிடக்கும்போது மூட்டையைத் தூக்கிச் சென்ற கூட்டங்கள் நாடெங்கும் இருந்தன. 1856-இல் இந்தியச் சட்ட மருத்துவ நூலை எழுதிய நார்மன் செவர்ஸ் இந்த நஞ்சுக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்க வேண்டியிருந்தது.

ஊமத்தை உள்ளே போனால் என்ன ஆகும்? வாய் வறளும். தொண்டை அடைத்து எச்சில் விழுங்க முடியாது. உடம்பு கொதிக்கும், வேர்வை மட்டும் வராது. சிறுநீர் இறங்காது. நெஞ்சு படபடவென்று அடிக்கும், நடை குடிகாரர் நடையாகும், பேச்சு குழறும். பாவைகள் இரண்டும் முழுக்க விரிந்து, வெயிலில் கண் கூசும், அருகில் இருப்பது தெரியாது. இவற்றோடு இன்னொன்றும் உண்டு. வெறும் காற்றிலிருந்து நூலைப் பிடித்து இழுப்பதுபோல் விரல்களை ஆட்டுவார்கள், போர்வையில் இல்லாத எதையோ கிள்ளி எடுப்பார்கள். கண் அகன்று, தனக்குத்தானே பேசிக்கொண்டு, காற்றில் நூல் இழுக்கும் பிள்ளையைப் பார்த்தால் ஊர் என்ன சொல்லும் என்று எல்லாருக்கும் தெரியும். பேய் அடித்துவிட்டது என்றுதான் சொல்லும். வேண்டிக்கொள்வதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதை 108 வண்டியில் போகும்போது செய்யலாம். பிள்ளை விளையாடிய இடத்தில் முள்காய் உடைந்து கிடக்கிறதா என்று பார்த்து, கிடந்தால் அதையும் எடுத்துப் போக வேண்டும். ஊமத்தையின் விஷத்தை முறிக்கும் மருந்து மருத்துவத்திடம் இருக்கிறது.

பாவையை விரிக்கும் இந்தச் சரக்குதான் மருந்தாகவும் ஆனது. ஊமத்தைக்கு உறவுச் செடியான பெல்லடோனாவின் பெயருக்கு இத்தாலிய மொழியில் அழகிய பெண் என்று பொருள். பாவை விரிந்த கண் அழகு என்று நம்பிய பெண்கள் அதன் சாற்றைக் கண்ணில் விட்டுக்கொண்டார்களாம். 1819-இல் ஜெர்மனியின் ஜெனா நகரில் ஃபிரீட்லீப் ருங்கே என்ற இளம் வேதியியலாளர், அந்தச் செடியின் சாறு பூனையின் கண்பாவையை எப்படி விரிக்கிறது என்று கவிஞர் கதேக்குச் செய்து காட்டினார். வியந்துபோன கதே அவருக்குக் காப்பிக் கொட்டைகளைக் கொடுத்து, இதையும் ஆராய்ந்து பார் என்று அனுப்பினார். அதிலிருந்து ருங்கே பிரித்தெடுத்ததுதான் கஃபீன். சந்தேகச் சாவில் இறந்தவரின் இரைப்பைச் சாற்றிலிருந்து ஒரு சொட்டைப் பூனையின் கண்ணில் விட்டு, பாவை விரிகிறதா என்று பார்த்து ஊமத்தை நஞ்சைக் கண்டறிந்த காலமும் உண்டு.

செடியிலிருந்து எடுத்த அட்ரோபின் இன்று நம் மாவட்ட மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் உயிர்காக்கும் ஊசி. பூச்சிமருந்து குடித்தவருக்குப் பாவை ஊசிமுனையளவு சுருங்கிவிடும், நெஞ்சில் சளி நுரைத்துக்கொண்டு வரும். நெஞ்சு வறளும்வரை அட்ரோபினை ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். வெளியில் காத்திருக்கும் உறவினர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "கண்ணு பெருசாயிருச்சு, என்னமோ உளறுதான்" என்று அழுவது வழக்கம். அங்கே விரிந்த பாவை மருந்து வேலை செய்வதன் அடையாளம். அதை ஒரு செவிலியர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் அந்தத் தாய் அந்த இரவை வேறு விதமாகக் கடப்பாள். மருத்துவமனைகள் மருந்துக்குச் செலவிடும் கவனத்தில் சிறிதை இந்தச் சொல்லுக்கும் செலவிட வேண்டும்.

இன்னொரு தவறு உயிரையே பறிப்பது. தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைக் கட்டுவிரியன் கடிக்கும். கடித்த இடம் வீங்காது, பெரிதாக வலிக்காது. பல நேரம் பல்தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்பார். இமை தானாக மூடிக்கொண்டு வரும், குரல் அடைக்கும். நஞ்சு நரம்புக்கும் தசைக்கும் நடுவிலான தொடர்பை அறுத்துவிடுவதால் கை கால் அசையாது, மூச்சும் நிற்கத் தொடங்கும். சிலருக்குப் பாவைகள் இரண்டும் விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கும். "கண்ணு நிலைகுத்திருச்சு" என்று ஊர் கைவிடும் நேரம் அது. ஆனால் அவருடைய மூளை உள்ளே விழித்திருக்கலாம். பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கலாம். விஷமுறிவு மருந்தும் செயற்கை மூச்சுக் கருவியும் கிடைத்து, மூளைச்சாவு என்று தோன்றிய நிலையிலிருந்து முழுமையாக மீண்டவர்கள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். ஆகவே விரிந்து நின்ற பாவையை வைத்து மட்டும் யாரும் யாருக்கும் சாவுத் தீர்ப்பு எழுதக் கூடாது. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி மூளைச்சாவை அறிவிக்க, பாவையோடு மூச்சு, இருமல் உள்ளிட்ட பல சோதனைகளை நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு செய்து, குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் செய்ய வேண்டும்.

வலியும் சிவப்பும் சேர்ந்த விரிவு வேறு வகை. நடுவயது தாண்டிய பெண்மணிக்கு அந்திநேரத்தில் திடீரென்று ஒரு கண் சிவந்து, தலையைப் பிளக்கும் வலி வரும், வாந்தி எடுப்பார். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறது என்பார். அந்தக் கண்ணின் பாவை பாதி விரிந்து அசையாமல் நிற்கும். கண்ணின் உள்நீர் வடியும் வழி அடைபட்டு அழுத்தம் ஏறியதன் விளைவு இது. வாந்தியைப் பார்த்துப் பித்தம் என்பார்கள், தலைவலியைப் பார்த்து ஒற்றைத் தலைவலி என்பார்கள். சோடாவும் தைலமும் வரும். பார்வை நரம்போ மணிக்கணக்கில் கெட்டுக்கொண்டிருக்கும். போன பார்வை திரும்பாது. மருந்துக்கடையில் தானாக ஏதாவது சொட்டு மருந்து வாங்கி ஊற்றும் பழக்கம் இந்த நோயில் மிக ஆபத்தானது. சில சொட்டுகள் பாவையை இன்னும் விரித்து, அடைப்பை முழுமையாக்கிவிடும்.

சொட்டு மருந்து என்றதும் கண் முகாம் நினைவுக்கு வரும். 1976-இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தென் மாவட்டத்துக் கிராமம் கிராமமாகப் போய் முகாம் போட்டுக் கண்புரைக்கு வழி காட்டியது. முகாமில் சொட்டு விட்டு அரை மணி நேரம் உட்காரவைப்பார்கள். பாவை விரிந்தால்தான் விழித்திரை தெரியும். சர்க்கரை நோய் அங்கே செய்திருக்கும் சேதமும் தெரியும். அடுத்த சில மணி நேரம் கூசும், எழுத்து படிக்க முடியாது, வண்டி ஓட்டக் கூடாது. "நல்லா இருந்த கண்ணைக் கெடுத்துட்டாங்க" என்று அடுத்த முகாமுக்குப் போகாமல் நின்றுவிடும் பெரியவர்கள் உண்டு. சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்த அரை நாள் மங்கலைப் பொறுத்துக்கொள்வதில்தான் பின்னாளைய பார்வை இருக்கிறது.

கவலைக்குரியவை இவை. கவலைப்படத் தேவையில்லாதவையும் ஏராளம். ஐந்தில் ஒருவருக்கு இரண்டு பாவைகளும் இயல்பிலேயே சற்று அளவு மாறியிருக்கும். கல்யாணப் போட்டோவையோ ஓட்டுநர் உரிமத்தையோ உற்றுப் பார்த்தால் அது பழைய கதை என்று தெரிந்துவிடும். மூச்சிரைப்புக்கு நெபுலைசர் வைக்கும்போது முகமூடி சரியாகப் பொருந்தாமல் ஆவி ஒரு கண்ணில் பட்டாலே அந்தக் கண்ணின் பாவை சில மணி நேரம் விரிந்து நிற்கும். ஊமத்தைச் செடியைப் பிடுங்கிய கையால் கண்ணைக் கசக்கினாலும் அப்படியே. கிட்டிப்புள் பட்டோ தீபாவளி ராக்கெட் பட்டோ தசை கிழிந்தால் பாவை வாழ்நாள் முழுக்க விரிந்தே இருக்கலாம். இங்கிலாந்துப் பாடகர் டேவிட் போவிக்கு 1962-இல் பள்ளி நண்பனின் குத்தால் ஒரு கண் அப்படி ஆனது. இரண்டு கண்ணும் வேறு வேறு நிறம் என்று உலகம் நினைத்தது.

பிள்ளைகளின் கண்ணை இப்போது பெற்றோரும் ஆசிரியரும் வேறொரு பயத்தோடு பார்க்கிறார்கள். பாவை பெரிதாக இருந்தால் போதைதான் என்று தொலைபேசியில் வரும் செய்திகள் கற்பிக்கின்றன. அது பாதி உண்மை. கொக்கைன், மெத்தம்பெட்டமைன் போன்றவை பாவையை விரிக்கும். ஆனால் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்ளும் கொடுமையில் பாவை சுருங்கிவிடும். அது கிடைக்காமல் தவிக்கும்போதுதான் விரியும். பரீட்சை பயத்திலும் விரியும். இளவயதில் இயல்பாகவே பெரிதாகத்தான் இருக்கும். கண்ணை வைத்துப் பிள்ளையைக் குற்றவாளியாக்கும் வேலைக்குப் பாவை சாட்சி சொல்லாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதைத் தவிர அதற்குக் குறுக்குவழி இல்லை.

இத்தனை காரணங்கள் இருக்கும்போது ஊர்க்காரர் டார்ச் அடித்து என்ன கண்டுபிடிக்கப் போகிறார், வீண் பீதிதானே என்று கேட்கலாம். அவர் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மூன்றே மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும். விரிந்தது ஒரு கண்ணா, இரண்டுமா? வெளிச்சம் பட்டால் சுருங்குகிறதா? எப்போது தொடங்கியது? கண்புரை அறுவை செய்த பெரியவர்களின் பாவை முன்பே ஒழுங்கு மாறியிருக்கலாம், அதையும் சொல்லிவிட வேண்டும். 1974-இல் கிளாஸ்கோ நகரத்து டீஸ்டேலும் ஜென்னெட்டும் உருவாக்கி உலகமெங்கும் பயன்படும் கோமா அளவுகோலில், 2018-இல் பாவையின் அசைவையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு கண் வெளிச்சத்துக்கு அசையாவிட்டால் ஒரு மதிப்பெண் குறையும், இரண்டும் அசையாவிட்டால் இரண்டு குறையும். அனுபவமுள்ள நரம்பியல் மருத்துவர்களே அந்தச் சிறு துளைக்கு அவ்வளவு எடை கொடுக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தலையில் அடிபட்டவருக்குப் பாவை விரிவது தாமதமாக வரும் அடையாளம். அதற்கு முன்பே தலைவலி கூடும், வாந்தி வரும், பேச்சு தடுமாறும், எழுப்பினால் எழ மாட்டார். இவற்றில் ஒன்று தெரிந்தாலே வண்டியை அழைத்துவிட வேண்டும். பாவை இன்னும் விரியவில்லையே என்று வீட்டில் வைத்திருப்பதற்கு டார்ச் ஒரு சாக்காகிவிடக் கூடாது. அழுத்தக் காற்றை இழுத்துக்கொண்டு சங்கு குளிப்பவர்கள் மேலே வந்ததும் மயங்கி விழுந்து, பாவைகள் சமமில்லாமல் இருந்தால் அதுவும் இதே அவசரம். ரத்தத்தில் புகுந்த காற்றுக்குமிழி மூளையை எட்டியிருக்கலாம்.

அரசு செய்ய வேண்டியது உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ஏற்றுக்கொள்கிறது. நல்ல திட்டம், எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது சாலை விபத்துக்கானது. பனையிலிருந்து விழுந்தவரின் மண்டைக்குள்ளும் அதே ரத்தம்தான் தேங்குகிறது. கட்டடச் சாரத்திலிருந்தும் படகுத் தளத்திலிருந்தும் விழுபவர்களுக்கும் அப்படியே. அந்த 48 மணி நேரத்தை இவர்களுக்கும் நீட்டுவதில் என்ன தயக்கம் இருக்க முடியும்? அதே ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாகப் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் பையில் ஒரு சிறு டார்ச்சும், கையில் ஒரு நாள் பயிற்சியும் சேர்ந்தால் போதும். பனைத் தொழிலாளர் நலவாரியமும் மீனவர் நலவாரியமும் உதவித்தொகைப் படிவத்தோடு இந்தப் பயிற்சியையும் கொடுக்கலாம்.

வேம்பாரிலிருந்து தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 50 கி.மீ. வண்டி வந்து சேரும் நேரத்தையும் கூட்டினால் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடலாம். விழுந்தவர் கண் திறக்காமல் போய்ச் சேரும்போது பணியிலிருக்கும் மருத்துவருக்கு முன்கதை எதுவும் தெரியாது. கூட வந்தவர்கள் பதற்றத்தில் "இப்பத்தான் நல்லா பேசிட்டிருந்தாவ" என்பதற்கு மேல் சொல்ல முடியாது.

வேறு மாதிரியும் நடக்கலாம். பனையிலிருந்து விழுந்தவரை அசையாமல் கிடத்தி, கழுத்தைத் திருப்பாமல் பிடித்துக்கொண்டு, 108-க்குச் சொல்லிவிட்டு, பள்ளியில் கற்றுக்கொண்ட மகள் செல்போன் விளக்கைக் கண்ணுக்குப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து பார்க்கிறாள். ஒன்றைப் பார்த்ததும் மற்றதையும் பார்க்கிறாள். வண்டியில் ஏறிய பின்னும் கால்மணிக்கு ஒரு தடவை பார்க்கிறாள். கருப்பட்டிப் பெட்டிக்குக் கணக்கெழுதும் நோட்டிலிருந்து கிழித்த தாளில் நான்கு வரிகள் எழுதுகிறாள்: 7.10, விழுந்தார். 7.25, ரெண்டு கண்ணும் ஒண்ணுபோல. 7.55, வாந்தி. 8.20, வலது பெருசு, சுருங்கலை. அவசரப் பிரிவில் அந்தத் தாளை வாங்கிப் படித்த மருத்துவர், ஸ்கேன் அறைக்கும் அறுவை அரங்குக்கும் ஒரே நேரத்தில் ஆள் அனுப்புகிறார்.